வாசல்ல ஏன் மறுபடி தோண்டிப் போட்டிருக்கோம்னு கேக்குறவங்களுக்கு

நம்ம மருந்துக்கடை கஸ்டமர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

பத்து நாளா கடைக்கு வர்ற எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், "என்னங்க, போன வருஷம்தானே வாசல்ல சிமெண்ட் போட்டீங்க, அதுக்குள்ள ஏன் இடிக்கிறீங்க?" ஒவ்வொருத்தருக்கா கவுண்டர்ல நின்னு பதில் சொன்னா பின்னாடி க்யூ சேந்துடுது, அதான் மொத்தமா ஒரு லெட்டரா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாதான் போகும். அவசரத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், கடை வழக்கம் போல திறந்துதான் இருக்கு, சைடு சந்துல மட்டும் தயவுசெஞ்சு பைக் நிறுத்தாதீங்க.

போன வருஷம் போட்டது ராம்ப். நல்ல எண்ணத்துலதான் போட்டோம், ஆனா தப்பா போட்டோம். கொத்தனார்கிட்ட "மூணு படி மேல ஒரு சரிவு போட்டு விடுங்கண்ணே"ன்னு சொன்னேன், அவர் பைக் ஏத்தறதுக்குன்னு நினைச்சுக்கிட்டார், நானும் வேற எதுவும் சொல்லல, அளவு எதுவும் பாக்கல. காய்ஞ்சதும் நீலக் கலர்ல வீல் சேர் படம் வரைஞ்சு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்சேன். நீங்கள்லாம் நெறைய கைதட்டல் எமோஜி போட்டீங்க. எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

அந்த ஸ்டேட்டஸைப் பாத்துட்டுத்தான் ஒரு அக்கா முதல் தடவை கடைக்கு நேரா வந்தாங்க. அவங்க மருந்து சீட்டு எனக்கு ஆறு வருஷமா அத்துப்படி, ஆனா அவங்களைப் பாத்ததே இல்ல, எப்பவும் தம்பிதான் வந்து வாங்கிட்டுப் போவார். வீல் சேரை அவங்களே கையால தள்ளிக்கிட்டு வந்து ராம்ப்ல ஏறுனாங்க, பாதி தூரம் வந்திருப்பாங்க, முன்னாடி இருக்குற ரெண்டு சின்ன சக்கரமும் தரையை விட்டு மேல எழும்பிடுச்சு. சேர் அப்படியே பின்னாடி சாயுது. எங்க டெலிவரி பையன் ஓடிப் போய் முதுகுப் பக்கம் தாங்கிப் பிடிச்சதால ஒண்ணும் ஆகல. நான் கவுண்டருக்குப் பின்னாடி கைல ஸ்ட்ரிப்போட சிலையாட்டம் நின்னுட்டேன்.

அக்கா திட்டவே இல்ல. இறங்கி ரோட்டுல நின்னுக்கிட்டு, "தம்பி, இது ராம்ப் இல்ல, சறுக்கு மரம்"னாங்க. அப்புறம் பக்கத்து ஹார்ட்வேர் கடையில டேப் வாங்கிட்டு வரச் சொல்லி அங்கயே எனக்கு கிளாஸ் எடுத்தாங்க. நம்ம படி ஒவ்வொண்ணும் 6 இன்ச், மூணு படிக்கு 18 இன்ச் உயரம். பல நாட்டு விதிகள்ல இருக்குற கணக்கு ஒண்ணுக்குப் பன்னெண்டு, அதாவது 1 இன்ச் ஏறணும்னா 12 இன்ச் நீளம் வேணும், அப்போ 18 இன்ச்சுக்கு 18 அடி. நான் போட்டிருந்தது 6 அடி. ஒண்ணுக்கு நாலு! இதை இப்படி யோசிச்சுப் பாருங்க, ஆளும் சேரும் சேந்து 90 கிலோன்னு வெச்சா, என் ராம்ப்ல ஏற கிட்டத்தட்ட 22 கிலோ வெயிட்டைத் தூக்குற அளவுக்கு கையால தள்ளணும், சரியான சரிவுல அதே ஆளுக்கு ஏழரை கிலோ போதும். இறங்கும்போது இன்னும் மோசம், பிடிமானம் இல்லாம சேர் நேரா ரோட்டுக்கே போயிடும்.

முன்னாடி நமக்கு 18 அடி எங்க இருக்கு, 7 அடி தாண்டுனா நடைபாதை வந்துடுது, நடைபாதையில கட்டுனா அங்க நடக்குறவங்களுக்கு நான் ஒரு புது இடைஞ்சல் பண்ணுன மாதிரி ஆயிடும். ஒரு மாசம் இதை இழுத்தடிச்சேன், உண்மையா சொல்லணும்னா விட்டுடலாம்னே நினைச்சேன். "நம்ம கடைக்கு வீல் சேர்ல யாரு வர்றாங்க"ன்னு வீட்டுல பேசிக்கிட்டப்போ என் பொண்ணுதான் கேட்டா, "மூணு படி இருந்தா எப்படிப்பா வருவாங்க"ன்னு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி உலகத்துல 130 கோடி பேருக்கு, ஆறுல ஒருத்தருக்கு, ஏதோ ஒரு வகையில பெரிய அளவுல இயலாமை இருக்கு. மருந்துக்கடையில அந்தக் கணக்கு அதிகமாதான் இருக்கணுமே தவிர கம்மியா இருக்க வழியே இல்ல. வராதவங்க சீட்டு மட்டும் தம்பி கையில, மருமக கையில வந்துக்கிட்டு இருந்துச்சு, நாங்கதான் கவனிக்கல.

அதனால இப்ப பண்றது என்னன்னா, ராம்ப் சைடு சந்துல சுவரை ஒட்டி 18 அடிக்குப் போகுது. மேல போய் சேர்ற இடத்துல 5 அடிக்கு 5 அடி சமதளம், ஏன்னா சேர் ஒரு முழு சுத்து திரும்ப அவ்வளவு இடம் வேணும், கதவைத் திறக்கும்போது சரிவுல நின்னா பின்னாடி உருண்டுடும். ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, 3 அடிக்குக் கொஞ்சம் கம்மியான உயரத்துல. ஓரத்துல சக்கரம் நழுவாம இருக்க சின்னதா ஒரு வரப்பு மாதிரி கட்டுறோம். டைல்ஸ் கிடையாது, கொத்தனார் பளபளன்னு டைல்ஸ் ஒட்டித் தர்றேன்னு ஒத்தைக் கால்ல நின்னார், மழை பெஞ்சா அது பனிக்கட்டி மாதிரி வழுக்கும், அதனால ஈர சிமெண்ட்ல துடைப்பத்தை வெச்சு குறுக்கால கோடு இழுக்கச் சொல்லிட்டோம். பாக்க சுமாராதான் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

ராம்ப் மேல போய் சேர்ற இடத்துல பழைய குடோன் ஜன்னலை உடைச்சு ஒரு கதவு வைக்கிறோம். இங்க அக்கா ஒரு விஷயம் சொன்னாங்க, எனக்கு அது இன்னமும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. "எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் எனக்கு மட்டும் கிச்சன் வழியா, குப்பைத் தொட்டி வழியா ஒரு கதவு காட்டுவாங்க, போய்ப் பாத்தா அதுவும் பூட்டியிருக்கும், சாவி வெச்சிருக்கறவர் சாப்பிடப் போயிருப்பார்." அதனால சைடு கதவுதான் இனிமே கடையோட மெயின் கதவு, எல்லாருக்கும். போர்டும் அந்தப் பக்கம் மாறுது. முன்னாடி படியும் இருக்கும், அவசரத்துக்கு ஏறி வர்றவங்க வரலாம். கதவு அகலம் 900 மில்லிமீட்டர், பழைய கதவு ரெண்டரை அடிதான், அதுவும் ஒரு பக்கம் எப்பவும் ஒட்டிக்கும். உருண்டைக் குமிழ் வேணாம், கீழ அமுக்குற நீட்டுக் கைப்பிடி, விரல்ல பிடிப்பு இல்லாதவங்க முழங்கையாலயே திறந்துடலாம், ரெண்டு கைலயும் பையோட வர்ற நீங்களும்தான். ஸ்டாக் கொண்டு வர்ற பையன் இப்பவே பாதி முடிஞ்ச ராம்ப்ல தள்ளுவண்டியை ஏத்திப் பாத்துட்டு "அண்ணே இதை அஞ்சு வருஷம் முன்னாடியே பண்ணியிருக்கலாம்"ங்கறான்.

உள்ள பெருசா ஒண்ணும் இல்ல. கவுண்டர்ல ஒரு பகுதியை மட்டும் ரெண்டரை அடி உயரத்துக்கு இறக்கி, அடியில முழங்கால் நுழைய இடம் விட்டிருக்கோம். நடுவுல அடுக்கி வெச்சிருந்த அட்டைப் பெட்டியெல்லாம் மாடிக்குப் போயிடுச்சு. ரெண்டு நாற்காலி போட்டிருக்கோம், கை வெச்ச நாற்காலி, ஏன்னா மூட்டுவலிக்காரங்களுக்கு கை ஊனி எழுந்திரிக்க ஏதாவது வேணும், கை இல்லாத ஸ்டூல்ல உக்காந்தா எழுந்திரிக்க நாலு பேர் வேணும்.

கண்ணு தெரியாத கஸ்டமர்கள் விஷயத்துலயும் எங்க அவசரக் குடுக்கைத்தனம் ஒண்ணு நடந்துச்சு. வாசல்ல காலாலயும் குச்சியாலயும் தடவி வழி தெரிஞ்சுக்குற மஞ்சள் டைல்ஸ் போட்டோம், நடைபாதையில, ரயில்வே ஸ்டேஷன்ல பாத்திருப்பீங்க, கோடு கோடா ஒண்ணு, புள்ளி புள்ளியா ஒண்ணு. ஜப்பான்ல செய்இச்சி மியாக்கேங்கறவர் கண்டுபிடிச்சு 1967ல ஒகயாமாங்கற ஊர்ல முதல்ல போட்டது. அதுல ஒரு அர்த்தம் இருக்கு, நீளக் கோடு இருந்தா அந்தத் திசையில போகலாம், புள்ளி இருந்தா நில்லு, முன்னாடி ஏதோ இருக்குன்னு. எங்க ஆள் டிசைன் நல்லா வரணும்னு ஒண்ணு விட்டு ஒண்ணு கோலம் மாதிரி ஒட்டி வெச்சுட்டார். வெள்ளைக் குச்சியோட வர்ற நம்ம சார் ஒருத்தர் அதுல நாலு அடி நடந்துட்டு, "என்னப்பா, போ நில்லு போ நில்லுன்னு சொல்லுது உங்க வாசல்"னு சிரிச்சார். பிரிச்சு மறுபடி ஒட்டியாச்சு. மஞ்சள் கலரை மாத்தி தரைக்கு மேட்ச்சா சாம்பல் கலர் போடலாமேன்னு சிலர் சொன்னீங்க, கொஞ்சமா பார்வை இருக்கறவங்களுக்கு அந்தக் கலர் வித்தியாசம்தான் வழியே, அதனால மஞ்சளே இருக்கட்டும்.

அதே சார்கிட்ட மருந்துப் பெட்டியில பிரெய்ல் ஒட்டித் தரட்டுமான்னு கேட்டேன், அவருக்குப் பார்வை போனதே அம்பது வயசுக்கு மேல, பிரெய்ல் கத்துக்கவே இல்லையாம். பார்வை இல்லாதவங்க எல்லாருக்கும் பிரெய்ல் தெரியும்னு நானா நினைச்சுக்கிட்டேன். அவர் வழி ரொம்ப சிம்பிள், காலையில போடுற மாத்திரை அட்டையில ஒரு ரப்பர் பேண்ட், ராத்திரிக்கு ரெண்டு ரப்பர் பேண்ட். இப்ப நாங்களே சுத்திக் குடுத்துடறோம், யாருக்கு வேணும்னாலும் கேளுங்க. இன்னொண்ணு, வாட்ஸ்அப்ல டோஸ் விவரத்தை கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டு இருந்தோம்ல, அதை நிறுத்திட்டோம். போன்ல டாக்பேக், வாய்ஸ்ஓவர்னு திரையில இருக்கறதை சத்தமா வாசிக்குற வசதி வெச்சிருக்கறவங்களுக்கு டைப் பண்ணுன எழுத்தை போன் ஒழுங்கா வாசிச்சுக் காட்டும், என் கிறுக்கல் போட்டோவை எந்த போனாலயும் வாசிக்க முடியாது, என் பொண்டாட்டியாலயே முடியாது. இனிமே எல்லாருக்குமே டைப் பண்ணித்தான்.

காது கேக்காதவங்களுக்கு கவுண்டர்ல ஒரு நோட்டும் பேனாவும் கட்டி வெச்சிருக்கோம், டோக்கன் நம்பர் திரையிலயும் வரும். கத்திப் பேச வேணாம்னு பசங்ககிட்ட சொல்லியிருக்கேன், கத்துனா வாய் கோணிக்கிட்டு உதடு படிக்கறவங்களுக்கு இன்னும் கஷ்டம், முகத்தைக் காட்டி மெதுவா பேசுனா போதும். மத்தியானம் 2லேர்ந்து 4 வரைக்கும் டிவி ஆஃப். ஆட்டிசம் இருக்குற பையனைக் கூட்டிட்டு வர்ற அம்மா ஒருத்தங்க கேட்டது அது, டிவி சத்தமும் அந்த மினுக்கிக்கிட்டு இருந்த ட்யூப்லைட்டும் சேந்து பையனால நிக்க முடியலையாம். ட்யூப்லைட்டை மாத்திட்டோம், மேட்ச் நாள்ல டிவி ஆஃப் பண்ணா சண்டைக்கு வராதீங்க.

பணம் செலவாகாத ஒரு விஷயம்தான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. வீல் சேர்ல ஒருத்தர் வந்தா, கூட வந்தவரைப் பாத்து "அவங்களுக்கு என்ன வேணுமாம்"னு கேக்குற பழக்கம். எனக்கே இருந்துச்சு. சேரைக் கேக்காம தள்ளுறது, குச்சியோட வர்றவர் கையைப் பிடிச்சு இழுக்குறது, இதெல்லாம் உதவின்னு நினைச்சுத்தான் செய்வோம். இப்ப முதல்ல "உதவி வேணுங்களா"ன்னு கேக்குறோம், வேணாம்னா பேசாம நிக்கிறோம். பசங்க யாராவது மறந்தா என்கிட்ட சொல்லுங்க, நான் மறந்தா நேரா என்னையே கேளுங்க.

கடை வாசல்ல மட்டும் சரி பண்ணி என்ன, கடை வரைக்கும் வரணுமே. போன ஞாயித்துக்கிழமை அக்காவோட பஸ் ஸ்டாப்லேர்ந்து கடை வரைக்கும் வந்தோம், நான் நோட்ல குறிச்சுக்கிட்டே. நான் நடந்தா நாலு நிமிஷம், அவங்களோட வந்தப்போ இருபத்தி ரெண்டு நிமிஷம், பதினொரு இடத்துல நிக்க வேண்டியதாப் போச்சு. உடைஞ்ச ஸ்லாப், நடைபாதை முடியற இடத்துல சரிவே இல்லாம முக்கால் அடி உயரம், கொட்டி வெச்ச மணல், வரிசையா பைக். அந்தப் பதினொண்ணுல ரெண்டு எங்களோடது, நடைபாதையில நிறுத்தி வெச்ச எங்க ஆஃபர் போர்டும் ஸ்டாக் இறக்குற மரப்பலகையும். அன்னைக்கே உள்ள எடுத்து வெச்சாச்சு. ஸ்லாப்புக்கும் ஓரத்துச் சரிவுக்கும் தெருவுல கிட்டத்தட்ட எல்லா கடைக்காரங்களும் கையெழுத்துப் போட்டு மனு குடுத்திருக்கோம், ரெண்டு கடை இன்னும் போடல, அவங்களுக்கு வாசல்ல பைக் நிக்குற இடம் போயிடும்னு பயம். இது அவங்க வியாபாரத்துக்கும் நல்லதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். அமெரிக்காவுல கலமசூங்கற ஊர்ல 1940கள்ல போர்ல அடிபட்டு வந்தவங்களுக்காகத்தான் நடைபாதை ஓரத்தை சரிவா வெட்டுனாங்க, இன்னைக்கு அந்த மாதிரி சரிவு குழந்தை வண்டி தள்ளுறவங்களுக்கும் சக்கரம் வெச்ச பெட்டி இழுக்குறவங்களுக்கும்கூட உதவுது.

இன்னும் முடியாதது, கழிவறை. கஸ்டமர்களுக்கு நம்ம கடையில இல்லவே இல்ல, பின்னாடி இருக்கறதுல சேர் திரும்பாது, அதுக்கு இடமும் பணமும் இந்த வருஷம் இல்ல. மாடியில இருக்குற ரத்தப் பரிசோதனை சாம்பிள் எடுக்குற ரூமுக்கும் லிஃப்ட் கிடையாது, அதனால படி ஏற முடியாதவங்களுக்கு கீழயே திரை கட்டி சாம்பிள் எடுக்குறோம், முன்னாடியே போன் பண்ணிட்டா காத்திருக்க வேணாம்.

வர்ற வெள்ளிக்கிழமை காலையில 10லேர்ந்து மதியம் 1 வரைக்கும் கைப்பிடிக் கம்பி வெல்டிங் இருக்கு, அந்த நேரம் சைடு பக்கம் யாரும் வர முடியாது, முன்னாடி தூண்ல இடுப்பு உயரத்துல பெல் வெச்சிருக்கோம், அமுக்கிட்டு நில்லுங்க, மருந்தை நாங்க வெளிய கொண்டாந்து குடுக்குறோம். அக்கா சனிக்கிழமை வந்து ராம்ப்ல ஏறிப் பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க ஓகே சொல்ற வரைக்கும் கொத்தனாருக்கு கடைசித் தவணை கிடையாது, அவரும் ஒத்துக்கிட்டார்.

இப்படிக்கு,
உங்க மருந்துக்கடை