சங்கு போட்ட செப்புக்காசை உலைக்கு அனுப்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தக்கலை அருகே ஆக்கர் கடை வைத்திருக்கிறேன். வீடுகளில் கழிக்கும் செம்பு, பித்தளை, இரும்பை எடை போட்டு எடுத்து, வெளியூர் மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புவது தொழில். பழைய ஓட்டு வீடுகளை இடிப்பது நம் மாவட்டத்தில் அதிகமாகிவிட்டது. அந்தச் சாமான்களோடு சேர்ந்து வரும் திருவிதாங்கூர் செப்புக்காசுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பத்தாயத்தின் அடியிலோ, பரணில் கிடந்த சருவத்துக்குள்ளோ துணி முடிப்பாக இருக்கும். பல வீட்டில் அவிழ்த்துக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியே தராசில் வைத்துவிடுகிறார்கள். அவிழ்த்தால் பச்சைக் களிம்பு ஏறிய சின்னச் சின்ன வட்டங்கள், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் சங்கு தெரியும். காசு, நாலு காசு, எட்டு காசு, சக்கரம் என்று நம் தாத்தாக்கள் கொடுத்து வாங்கிய பணம் அது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கரக் கணக்கைச் சந்தையில் மனக்கணக்காகவே போட்ட தலைமுறை அநேகமாகப் போய்விட்டது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முன் இங்கே இருந்த ராஜ்யத்தை ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக் காட்ட இதைவிட எளிய பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

நாணயத்தை உருக்கினால் ஜெயில் என்று பலருக்கும் தெரியும். அது சரிதான். 1971-இல் சில்லறை நாணயங்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. இப்போது இருப்பது 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம். நாணயத்தை உருக்கினாலும் அழித்தாலும், உருக்கியதைக் கையில் வைத்திருந்தாலும் 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. பழைய தடித்த 5 ரூபாய் நாணயத்தை எடைக்கு எடுப்பீர்களா என்று யாராவது கேட்டால் நான் மறுத்துவிடுவேன். அது 9 கிராம், அதில் முக்கால் பங்கு செம்பு, மீதி நிக்கல். இன்றைய விலைக்கு உலோகமே 5 ரூபாயைத் தாண்டிவிடும் என்பதால்தான் அப்படிக் கேட்கிறார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் நாணயம் என்று சொல்வது இன்று செல்லுபடியாகும் நாணயத்தை மட்டும். திருவிதாங்கூர் காசும் காலணாவும் அதற்குள் வராது. 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதன் முக்கியக் கவலை அவை வெளிநாட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான். மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. வீடு இடிக்கிற எத்தனை பேருக்கு அது தெரியும்? ஆக, புழக்கத்தில் இருக்கிற எஃகு நாணயத்துக்கு முழுக் காவல். பரணில் இருந்து இறங்குகிற சங்குக் காசு மட்டும் மோட்டார் வைண்டிங் கம்பியோடு ஒரே சாக்கில் உலைக்குப் போகிறது.

உருக்குவதில் லாபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 1835 முதல் 1905 வரை அடித்த பிரிட்டிஷ் காலணா 100 கிரெயின் எடை, கிட்டத்தட்ட ஆறரை கிராம் செம்பு. கிலோ 800 ரூபாய் என்று வைத்தால் ஒரு காலணாவில் 5 ரூபாய்ச் செம்பு இருக்கிறது. 64 காலணா சேர்ந்தால்தான் அன்று ஒரு ரூபாய். செம்பு விலை ஏற ஏற அரசாங்கமே காசை இளைக்க வைத்தது. 1906-இல் காலணா 75 கிரெயின் வெண்கலமாகியது. 1943-இல், யுத்தத்தில் செம்பு தட்டுப்பாடு வந்தபோது, நடுவில் ஓட்டை போட்டு 2 கிராமுக்குக் கொண்டு வந்தார்கள். பழைய கைப்பம்பு ஒன்றைப் பிரித்தபோது போல்ட்டுக்கு அடியில் வாஷராக ஓர் ஓட்டைக் காலணா இருந்தது, 1944 என்ற எண் தேயாமல். அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று போனில் வருகிற விளம்பரங்கள். முன்பணம் கட்டி ஏமாறுவதுதான் அதில் நடக்கிறது. ரிசர்வ் வங்கியே 2021-இல் இதைப் பற்றி மக்களை எச்சரித்தது. லட்சம் கிடைக்கும் என்று நம்பி அலைந்தவர், அது பொய் என்று தெரிந்ததும் வெறுத்துப் போய் நேரே என் கடைக்கு எடைக்குக் கொண்டு வருகிறார். நடுவில் நியாயமாக ஒரு விலை சொல்ல இங்கே ஆள் இல்லை.

அந்த இடத்தில் கன்னியாகுமரியில் இருக்கும் அரசு அருங்காட்சியகம் வந்து நிற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகா அலுவலகங்களில் அவ்வப்போது ஒரு நாள் ஒதுக்கி, காசுகளைப் பார்த்துச் சொல்லி, செம்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கலாம். எல்லாக் காசும் அவர்களுக்குத் தேவைப்படாது. ஒரே மாதிரி நிறைய இருப்பதைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிடலாம். ஆக்கர் கடைக்காரர்களை மாவட்ட நிர்வாகம் ஒருமுறை அழைத்துப் பேசினாலே போதும், பாதிப் பேர் காசைத் தனியே எடுத்து வைப்பார்கள். யாரும் எங்களிடம் இதுவரை சொன்னதில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அப்படி முடிப்பு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். எடைக்கு வந்த காசுகளை என் கடையில் தனி டப்பாவில் போட்டு வைக்கிறேன். மாவட்டத்தில் எந்தப் பள்ளி ஆசிரியர் வந்து கேட்டாலும், நான் எடுத்த விலைக்கே தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆக்கர் கடைக்காரர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.