மேலவை எதற்கு என்று கேட்டாயே, கலா

நகரி

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கால் தேறிவிட்டது என்று படித்த பிறகுதான் நிம்மதி. புத்தூரில் காலில் கட்டுப் போட்ட உடனேயே பஸ் ஏறித் திருத்தணி போய்விட்டார் என்று கேள்விப்பட்டு ரொம்பக் கவலைப்பட்டேன். இங்கே எல்லோரும் சுகம். தறிக்கு நூல் விலைதான் ஒரு வாரம் இருப்பது போல் மறுவாரம் இருப்பதில்லை. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சு முழுக்க அதுதான்.

உன் மகள் குரூப் தேர்வுக்குப் படிக்கும்போது எழுந்த கேள்வி என்று எழுதியிருந்தாய். தமிழ்நாட்டில் சட்டமன்றத்தின் இரண்டாவது அவையான மேலவை 1986-லிருந்து இல்லை, அதனால் எதுவும் குறைந்து போகவில்லை, ஆந்திராவில் மட்டும் அதை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். போகிற போக்கில் கேட்டுவிட்டாய். எனக்கோ படித்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. வாக்குச்சீட்டைக் கையில் வாங்கி ஓட்டுப் போட்டவள் என்பதால் நான் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

முதலில் அந்த ஓட்டைப் பற்றிச் சொல்கிறேன். 2023 மார்ச் 13, மேலவைத் தேர்தல். அன்றைக்கு எனக்கு இரண்டு ஓட்டு. பட்டதாரி என்பதற்கு ஒன்று, உயர்நிலைப் பள்ளி ஆசிரியை என்பதற்கு ஒன்று. மெஷின் கிடையாது, சின்னம் கிடையாது. நீளமான காகிதச் சீட்டு, அதில் வேட்பாளர்களின் பெயரும் போட்டோவும். கூடவே ஊதா நிற ஸ்கெட்ச் பேனா ஒன்றைக் கொடுப்பார்கள், அதால்தான் எழுத வேண்டும். யார் முதலில் வர வேண்டுமோ அவர் பெயருக்கு நேரே 1. அப்புறம் விருப்பமிருந்தால் 2, 3 என்று போட்டுக்கொண்டே போகலாம். 1 போடாமல் விட்டாலும், இரண்டு பேருக்கு 1 போட்டாலும், டிக் அடித்தாலும் சீட்டு செல்லாது. படித்தவர்கள் மட்டுமே போடுகிற தேர்தலில் செல்லாத ஓட்டு இத்தனையா என்று எண்ணுகிற இடத்தில் வேலை பார்த்த என் சக ஆசிரியர் ஆற்றாமையோடு சொன்னார். எண்ணை எந்த இந்திய மொழியின் வடிவத்திலும் எழுதலாம் என்று விதி இருக்கிறது தெரியுமா? நான் நினைத்திருந்தால் ௧ என்றே எழுதியிருக்கலாம். எண்ணும் மேசையில் யாரும் தயங்கி நிற்க வேண்டாம் என்று 1 என்றே போட்டேன். ஆனாலும் அப்படி ஒரு விதி இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எண்ணுவதும் வேறு மாதிரி. செல்லுபடியான ஓட்டில் பாதிக்கு மேல் ஒருவர் வாங்கியாக வேண்டும். யாரும் வாங்கவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு, அவருடைய சீட்டுகளில் 2 யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்து அவருக்குச் சேர்ப்பார்கள். அப்புறம் அடுத்தவர். இப்படியே ராத்திரி பகலாகப் போகும். 2021-ல் ஐதராபாத் பட்டதாரித் தொகுதியில் 93 பேர் நின்றார்கள். சீட்டின் நீளத்தையும் எண்ணியவர்களின் பாட்டையும் நீயே நினைத்துப் பார்.

ஆந்திர மேலவையில் மொத்தம் 58 இடம். எம்.எல்.ஏ.க்கள் உட்காரும் பேரவையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது. எங்கள் பேரவை 175, அதனால் 58. அதில் 20 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 20 பேர் உள்ளாட்சிகளிலிருந்து. பட்டதாரிகளுக்கு 5, ஆசிரியர்களுக்கு 5. மீதி 8 பேரை ஆளுநர் நியமிப்பார். உன் மகளுக்குத் தேர்வில் இது கட்டாயம் வரும், எழுதி வைத்துக்கொள்ளச் சொல். ஆறு வருஷப் பதவி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள். பேரவையைக் கலைப்பது போல இதைக் கலைக்க முடியாது.

கலா, விஷயமே இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் இருக்கிறது. பேரவை ஒரே நாளில் தலைகீழாக மாறும். மேலவை மெதுவாகத்தான் மாறும். அதனால் ஒவ்வொரு பெரிய தேர்தலுக்குப் பிறகும் தோற்ற கட்சி கொஞ்ச காலம் அங்கே பலமாக இருக்கும். ஜெயித்தவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். 1983-ல் தெலுங்கு தேசத்தின் என்.டி.ஆர். பெரும் பலத்தோடு வந்தார், மேலவை காங்கிரஸ் கையில் இருந்தது. 1985-ல் மேலவையே போனது. ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி காலத்தில், 2007-ல் திரும்ப வந்தது. 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசின் ஜெகன் 151 இடத்தோடு வந்தார், தெலுங்கு தேசத்துக்கு 23 தான். ஆனால் மேலவையில் தெலுங்கு தேசத்துக்கே பெரும்பான்மை. அமராவதி, கர்னூல், விசாகப்பட்டினம் என்று மூன்று தலைநகர் வைப்பதற்கான மசோதாக்கள் 2020 ஜனவரியில் அங்கே போனபோது, அவைத் தலைவர் ஷெரீஃப் அவற்றை ஆராய்ந்து பார்க்கும் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜனவரி 27 அன்று மேலவையே வேண்டாம் என்று பேரவையில் தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

நல்லவேளை, தீர்மானம் போட்டால் மட்டும் மேலவை போய்விடாது. பேரவை மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோடும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கோடும் நிறைவேற்ற வேண்டும். அப்புறம் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும். அது நடக்கவில்லை. 2021 நவம்பரில் அவர்களே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் மேலவையிலும் அவர்கள் பலம் கூடியிருந்தது.

இனி 2024-ஐப் பார். ஜெகன் கட்சிக்குப் பேரவையில் 11 இடம்தான். எதிர்க்கட்சித் தலைவர் அந்தஸ்துகூடக் கிடைக்கவில்லை. ஆனால் மேலவையில் அப்போது அவர்கள்தான் அதிகம். போட்சா சத்யநாராயணா அங்கே எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். அமைச்சர்களைக் கேள்வி கேட்க, அரசாங்கத்திடம் பதில் வாங்க, அந்தக் கட்சிக்கு மிஞ்சிய இடம் அதுதான். எந்த அவையை 2020-ல் மூடச் சொன்னார்களோ அந்த அவை. யார் கட்சி என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு மாநிலத்தில் கேள்வி கேட்பதற்கு ஆளே இல்லாமல் போகக்கூடாது, அதற்காகவே மேலவை இருக்க வேண்டும் என்பதுதான் உனக்கு நான் சொல்லும் பதில்.

அதற்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று நீ கேட்பாய். கொஞ்சம்தான். பண மசோதாவை 14 நாள் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. மற்ற மசோதாவை முதலில் மூன்று மாதம், பேரவை மறுபடி அனுப்பினால் ஒரு மாதம். அதற்கு மேல் நிறுத்த முடியாது. நாடாளுமன்றத்தில் போல இரு அவையும் சேர்ந்து உட்காரும் கூட்டுக் கூட்டம் எதுவும் கிடையாது. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் ராஜ்யசபா தேர்தலிலும் மேலவை உறுப்பினர்களான எம்.எல்.சி.க்களுக்கு ஓட்டு இல்லை. அந்தத் தலைநகர் மசோதாக்களும் கடைசியில் 2020 ஜூலை 31-ல் ஆளுநர் கையெழுத்தோடு சட்டமாகிவிட்டன. ஆனால் இடையில் ஆறு மாதம் கிடைத்தது. அமராவதியில் தலைநகர் கட்ட நிலம் கொடுத்த விவசாயிகளுக்கு அந்த ஆறு மாதம் லேசான விஷயம் இல்லை. 2021-ல் அரசே அந்தச் சட்டங்களை வாபஸ் வாங்கியது. அவசரப்படாமல் இருந்திருந்தால் என்ன என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். நகரிக்காரர்களான எங்களுக்கு அமராவதி, கர்னூல், விசாகப்பட்டினம் மூன்றுமே தூரம்தான், சென்னைதான் பக்கம். ஆனாலும் அது எங்கள் அரசாங்கம் எடுத்த முடிவு அல்லவா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வருத்தமானவை சில உண்டு. என் நாத்தனார் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கிறவள். அவளுக்கு ஆசிரியர் தொகுதியில் ஓட்டு இல்லை. உயர்நிலைப் பள்ளிக்குக் குறைவான இடத்தில் பாடம் நடத்துபவர்களுக்குக் கிடையாது என்று சட்டமே சொல்கிறது. ஒரே வீட்டில் இரண்டு ஆசிரியைகள், ஒருத்தி வாக்குச்சாவடிக்குப் போகிறாள், மற்றவள் வாசலில் நின்று வழியனுப்புகிறாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

உள்ளாட்சி இடங்கள் இன்னும் மோசம். மண்டல, ஜில்லா பரிஷத் உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களும்தான் ஓட்டுப் போடுகிறார்கள். ஊராட்சித் தலைவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, கர்நாடகத்தில் உண்டு. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டால் இந்த இடங்களும் காலியாகக் கிடக்கும். 2021 கடைசியில் 11 இடங்களுக்கு நடந்தபோது பதினொன்றும் போட்டியில்லாமலே போயின. போட்டியே இல்லாத தேர்தலில் யார் யாருக்குப் பதில் சொல்வது? பேரவைத் தேர்தலில் நிற்காமலே மந்திரி ஆவதற்கு இதை வழியாக வைத்துக்கொள்கிறார்கள் என்று சொல்வதும் பொய்யில்லை. 2017-ல் அப்போதைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடுவின் மகன் லோகேஷ் எம்.எல்.சி. ஆன அடுத்த மாதமே மந்திரி ஆனார். உங்கள் பக்கம் 1952-ல் ராஜாஜி நியமன உறுப்பினராக வந்து முதலமைச்சர் ஆனதும், 1967-ல் அண்ணா மேலவை உறுப்பினராக இருந்து ஆண்டதும் உனக்கே தெரியும். ஆளைப் பொறுத்துத்தான் அந்த வழி நல்லதா கெட்டதா என்று ஆகிறது.

ஆளைப் பொறுத்து என்றதும் ம.பொ.சி. நினைவுக்கு வருகிறார். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ல் உங்களுக்குக் கிடைத்ததற்கு அவர் நடத்திய எல்லைப் போராட்டம் பெரிய காரணம். எங்கள் நகரி, புத்தூர், சித்தூர் எல்லாம் இங்கேயே தங்கிவிட்டோம். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அப்படிப்பட்டவர் தமிழக மேலவையின் கடைசித் தலைவராக இருந்தார் என்பதை உன் மகளுக்குச் சொல். பட்டதாரித் தொகுதியில் அவருக்கு ஓட்டே இருந்திருக்காது, ஆனால் அந்த அவைக்கே தலைமை தாங்கினார். 1986 நவம்பர் 1-ல் அதை மூடினார்கள். நடிகை ஒருவரின் நியமனத்தில் எழுந்த சிக்கல்தான் காரணம் என்பார்கள், அந்த வருஷம் உள்ளாட்சித் தேர்தலில் தி.மு.க. ஜெயித்ததுதான் காரணம் என்றும் சொல்வார்கள். பிறகு தி.மு.க. பலமுறை திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. 2010-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டது, 78 இடம். 2011-ல் ஜெயலலிதா வந்ததும் வேண்டாம் என்று தீர்மானம். இத்தனை தடவை கேட்டும் மறுத்தும் வந்த ஒன்றை ‘ஒன்றும் குறையவில்லை’ என்று நீ ஒரே வரியில் முடித்துவிட்டாயே!

உனக்குத் தெரியாத ஒரு நன்மையும் இருக்கிறது. தேர்தலுக்கு முன்னால் ஆசிரியர் தொகுதி வேட்பாளர் ஒருவர் எங்கள் பள்ளிக்கு வந்து ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பேசினார். 2004 செப்டம்பருக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வந்த சி.பி.எஸ். என்கிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தை எதிர்த்துப் பேசினார். நாங்கள் தமிழ்வழிப் பாடப்புத்தகம் சரியான நேரத்துக்கு வராததைச் சொன்னோம், குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பிரகாசம், நெல்லூர், சித்தூர் சேர்ந்த அவ்வளவு பெரிய தொகுதியில் தமிழ்வழி ஆசிரியர்கள் ஒரு கைப்பிடிதான். ஆனால் ஆசிரியர் தொகுதியில் மொத்த ஓட்டே கொஞ்சம் என்பதால் கைப்பிடிக்கும் கணக்கு உண்டு. பேரவைத் தேர்தலில் எங்களிடம் அப்படி உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமிருப்பதில்லை.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. ஆளுநர் நியமிக்கும் எட்டுப் பேர் இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. கூட்டுறவு என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம்தான் எனக்கு ஞாபகம் வரும். நகரியிலிருந்தோ புத்தூரிலிருந்தோ சங்கக் கணக்கும் நூல் விலையும் அறிந்த ஒரு நெசவாளரை அங்கே உட்கார வைத்தால் தறிக்காரர் கஷ்டம் அந்த அவையில் நேராகவே ஒலிக்கும். சட்டம் இடம் கொடுக்கிறது, கொடுப்பவர்களுக்கு மனசு வர வேண்டும். இரு கட்சிகளும் அந்த எட்டு இடத்தைத் தங்கள் ஆட்களுக்கே பெரும்பாலும் கொடுத்து வருவது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் பட்டதாரித் தொகுதிக்கு அடுத்த தேர்தல் 2029-ல். வாக்காளர் பட்டியலை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தயாரிப்பார்கள், பழைய பெயர் தானாக வராது. பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். என் பெண் போன வருஷம்தான் முடித்தாள், அதற்குள் அவளுக்கும் தகுதி வந்துவிடும். பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவம் 18-ஐ அவளே நிரப்பட்டும் என்று இருக்கிறேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வருகிறோம், அன்றைக்கு உன் வீட்டில்தான் சாப்பாடு. உன் மகள் இதற்கெல்லாம் என்ன சொல்கிறாள் என்று அதற்கு முன்னால் எழுது.

அன்புடன்,
சரளா