நண்டு வளை

அன்புள்ள முருகேசா,

நடவு முடிந்ததா? மேலவயல் வரப்பு மறுபடி உடைந்ததென்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன், கோபிக்காதே. அதே வாரம் இங்கே சிங்கப்பூரில் எங்கள் கட்டட வேலை சைட்டிலும் கரை உடைந்தது.

சைட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவித்திருந்தோம். 'பண்டு' என்பார்கள். மழையில் ஓடும் சேற்றுநீரைத் தேக்கி, தெளியவைத்துத்தான் வடிகாலில் விட வேண்டும். அன்று மதியம் கொட்டிய மழையில் வடிகால் முழுக்கத் தேத்தண்ணி நிறம்! மேலே வழியவே இல்லை. அடியில் பழைய குழாய்ப் பள்ளம் ஒன்றை இறுக்காமல் மூடியிருந்தோம். அது வழியே கசிந்து, கசிவே மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது. உன் அப்பா வரப்பில் நண்டு வளைக்குள் விரலை விட்டு, தண்ணி ஓடும் வழியைக் காட்டுவாரே, அதேதான். திட்டு வாங்கியது நான். மறுநாள் பள்ளத்தைத் தோண்டி, அரையடிக்கு ஒரு படையாகப் போட்டு இறுக்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் கேனிங் குன்றுப் பக்கம் நடந்தேன். இப்போது ஸ்டாம்ஃபர்ட் சாலை இருக்கும் பக்கத்தில் ஓர் ஓடையும், அதையொட்டி மண் மதிலும் இருந்தனவாம். 1822இல் ஜான் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி பார்த்து எழுதியிருக்கிறார்: அடிப்பகுதி அகலம் 16 அடி, உயரம் 8, 9 அடி, கடற்கரையிலிருந்து குன்றடி வரை கிட்டத்தட்ட ஒரு மைல். பிரிட்டிஷ்காரர் ராஃபிள்ஸ் இங்கே வந்து இறங்குவதற்குப் பல நூறு வருஷம் முந்திய மதில். அத்தனை மழையில் கரைந்த பிறகும் 9 அடி என்றால், கட்டிய அன்று எவ்வளவு இருந்திருக்கும்? எவனோ நன்றாக மிதித்திருக்கிறான். எங்கள் பண்டு ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

அதே குன்றில் 1859இல் கோட்டை கட்டத் தொடங்கிய வெள்ளைக்காரனும் மண்ணைத்தான் குவித்தான். பீரங்கிக் குண்டு பட்டால் கல் சிதறும், அந்தச் சில்லே ஆளைக் கொல்லும். மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். என் பையன் இப்போது தெக்கோங் தீவில் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இருக்கிறான். சுடும் இடத்திலும் குறிப்பலகைக்குப் பின்னால் மண்மேடுதானாம். அந்தத் தீவை ஒட்டியே, 2016இல் தொடங்கி, 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலுக்குக் குறுக்கே கரை போட்டு, கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் எடுத்திருக்கிறார்கள். அங்கே நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும் என்றுதான் எனக்கு ஓடியது!

கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடி வீடுகளில் சாலை இரைச்சலுக்கு மறைப்பாக மேடு போட்டுப் புல் பதிக்கிறார்கள். அழகுதான்; உச்சிப் புல் மட்டும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

நீ உடைந்த இடத்தில் மேலே மண் அப்பாதே. வளை முடியும்வரை வெட்டி, களிமண் போட்டு மிதி. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் நானும் வந்து மிதிக்கிறேன். தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வம்