தேர்ந்தெடுத்தவரைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்டிமோர் புறநகர் ஒன்றில் பல்லாண்டுகளாக வசிக்கும் நான், தங்கள் நாளிதழை இணையத்தில் நாள்தோறும் படிப்பவன். அமெரிக்கக் கால்பந்து பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் செய்திகள் பந்தை வீசியவர், பிடித்தவர், கோப்பையைத் தூக்கியவர் ஆகியோரின் பெயர்களோடு முடிந்துவிடுகின்றன. அவர்களை அணிக்குள் கொண்டுவந்த பொது மேலாளரைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்பதைச் சொல்ல, பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் முன்னாள் பொது மேலாளர் ஓசி நியூசமைப் பற்றி எழுதுகிறேன்.

இங்கே ஐ.பி.எல். போல ஏலம் கிடையாது. கல்லூரிகளில் ஆடி முடித்த வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தேர்ந்தெடுக்கின்றன. முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. அந்தக் கல்லூரி வீரர்களைப் பணத்தைக் கொட்டி வாங்கிவிட முடியாது என்பதால், யாரை எடுப்பது, யாரை விடுவது என்ற முடிவே ஓர் அணியின் அடுத்த பத்தாண்டை நிர்ணயித்துவிடுகிறது.

கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் உரிமையாளர் ஆர்ட் மாடெல் 1996இல் தம் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுவந்தார். ரேவன்ஸ் என்ற பெயர் சூட்டிச் சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், வீரர் தேர்வுப் பொறுப்பு நியூசமின் கைக்கு வந்தது. நான்காவது வாய்ப்பு அவர்களுடையது. பந்தை ஏந்தி ஓடும் வீரர் ஒருவர் அணிக்குத் தேவைப்பட்டார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் பிலிப்ஸை எடுக்க வேண்டும் என்பது மாடெலின் விருப்பம். ஆனால் அணியின் தேர்வுக் குழுவினர் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று ஆட்டங்களைப் பார்த்து, வீரர்களைத் தரம் பிரித்து எழுதிவைத்த பலகையில், அந்த நேரத்தில் எஞ்சியிருந்தவர்களுள் முதலில் நின்ற பெயர் ஜொனதன் ஆக்டன். பந்து வீசுபவரை எதிரணியினர் நெருங்கவிடாமல் தடுத்து நிற்கும், ஆறு அடி ஒன்பது அங்குல உயரமுள்ள வீரர் அவர். சம்பளம் கொடுக்கும் முதலாளி எதிரில் இருக்கும்போது பலகையை நம்புவதற்கு எத்தனை நெஞ்சுரம் வேண்டும் என்பதை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த எவரும் அறிவார். நியூசம் ஆக்டனையே எடுத்தார். மாடெலும் அதற்கு வழிவிட்டார். அதே நாளில் 26ஆவது வாய்ப்பில் எடுக்கப்பட்டவர் ரே லூயிஸ். பிலிப்ஸின் ஆட்ட வாழ்வு சில ஆண்டுகளில் முடிந்துபோக, ஆக்டனும் லூயிஸும் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர்.

நியூசம் 1956இல் அலபாமா மாநிலத்தின் மசல் ஷோல்ஸில் பிறந்த கறுப்பினத்தவர். கிளீவ்லேண்ட் அணிக்காக 13 பருவங்களில் 662 முறை பந்தைப் பிடித்து, 1999இல் ஆட்டக்காரராகவே புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர். பொது மேலாளரின் வேலையை 1996 முதலே செய்துவந்த அவருக்கு அந்தப் பதவிப் பெயர் 2002இல்தான் கிடைத்தது. 1920இல் தொடங்கிய, இந்த அணிகளெல்லாம் ஆடும் என்.எஃப்.எல். கூட்டமைப்பில் அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஜனவரியில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை 34-7 என வீழ்த்தி ரேவன்ஸ் சூப்பர் பவுல் என்னும் இறுதிப்போட்டியை வென்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது.

அவர் தவறே செய்யாதவர் அல்லர். 2003இல் அடுத்த ஆண்டின் முதல் சுற்று வாய்ப்பையும் வேறோர் அணிக்குக் கொடுத்துப் பெற்ற, பந்து வீசுபவரான கைல் போலர் எதிர்பார்த்தபடி அமையவில்லை.

2018 ஏப்ரல் இரவை நான் மறப்பதற்கில்லை. பொது மேலாளராக அதுவே தம் கடைசித் தேர்வு என்று நியூசம் முன்பே அறிவித்திருந்தார். கல்லூரியில் பந்து வீசுபவராக ஆடிய லமார் ஜாக்சன், பந்து வீசுவதைக் காட்டிலும் பந்தைப் பிடிக்கும் இடத்துக்கே பொருத்தமானவர் என்று அனுபவசாலிகள் சிலர் பேசியிருந்தார்கள். பந்து வீசுபவர்கள் நால்வர் எடுக்கப்பட்டுவிட, 31 பெயர்கள் வாசிக்கப்பட்ட பின்னும் அந்த இளைஞர் அரங்கில் காத்திருந்தார். வீட்டில் எல்லோரும் உறங்கிவிட்டார்கள். நான் மட்டும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தேன். பிலடெல்பியா அணியிடம் பேரம் பேசி, முதல் சுற்றின் கடைசி வாய்ப்பான 32ஆவதைப் பெற்று, நியூசம் அவரை எடுத்தார். அடுத்த ஆண்டே ஒரு வாக்குகூடச் சிதறாமல் மிகச் சிறந்த வீரர் விருதை ஜாக்சன் வென்றார். அப்போது பொது மேலாளர் நாற்காலியில் இருந்தவர், 1996இல் அதே அலுவலகத்தின் கடைநிலைப் பணியில் சேர்ந்து நியூசமிடம் தொழில் கற்ற எரிக் டிகோஸ்டா.

அடுத்த வீரர் தேர்வுச் செய்தியைத் தாங்கள் வெளியிடும்போது, எடுக்கப்பட்டவரின் பெயருக்குப் பக்கத்தில் எடுத்தவரின் பெயரையும் அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பால்டிமோர், மேரிலாந்து