சனிக்கிழமை மாலை சந்திப்பு: குடும்பத்தோடு வாருங்கள்

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் ஜெர்மனி நண்பர்கள் ஞாயிறு இரவு கிளம்புகிறார்கள். அதற்கு முன் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் மொட்டைமாடியில் கூடுவோம்.

நேற்று அவர்களை நம் பெங்களூர் சிவாஜிநகர் மாதா கோயிலுக்கு அழைத்துப்போனேன். நாம் தினமும் பஸ் பிடிக்க ஓடுகிற இடம்தான். சேலை உடுத்திய ஆரோக்கிய மாதாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். பக்கத்தில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த ஓர் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக் கும்பிட்டார். “இவர்களும் வருவார்களா?” என்று கேட்டார்கள். எல்லாரும்தான் வருவார்கள், செப்டம்பர் 8 திருவிழாவுக்கு வந்து பாருங்கள் என்றேன். சொல்லும்போதே எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் ரஸ்ஸல் மார்க்கெட். பூக்கார அம்மா முழங்கையிலிருந்து விரல்நுனி வரை மல்லிகைச் சரத்தை அளந்தார். “வெளியூர்ப் பிள்ளை, நல்லா இருக்கட்டும்” என்று கொசுறாக இன்னும் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்.

நம் நண்பர்களின் ஊர் ஜெர்மனியில் உள்ள ஹாலே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் படித்த ஊர். அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு அவர்களே சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிவாருங்கள்.

இட்லி, சாம்பார் எங்கள் பொறுப்பு. காரம் குறைவான பலகாரம் யாராவது கொண்டுவந்தால் நல்லது. கீர்த்தனை பாடுகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். மிருதங்கத்துக்கு ஆள் இருக்கிறது.