ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க, போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கேன்சர் ஸ்கிரீனிங்குக்கு ஆளுங்க வராததுக்கு பயம்தான் காரணம்னு சொல்றாங்க, ஆனா நான் பார்த்த வரைக்கும் நிறைய பேர் மறந்துதான் போறாங்க. எங்க அக்காவோட மேமோகிராம் (மார்பகப் புற்றுநோய் இருக்கான்னு பார்க்குற எக்ஸ்ரே) சீட்டு பிரிட்ஜ் கதவுலயே ஒட்டியிருந்துச்சு, தினமும் கண்ணுல பட்டும் தேதி தாண்டிடுச்சு, அப்படியே ஒரு வருஷம் ஓடிடுச்சு. அடுத்த தடவை முந்தின நாள் சாயங்காலம் ஒரு எஸ்எம்எஸ் வந்துச்சு, நேரம், இடம், தேதி மாத்தணும்னா கூப்பிட ஒரு நம்பர், அவ்வளவுதான், போயிட்டு வந்துட்டாங்க.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் வர்றதுக்கு முன்னாடி செல்கள் மாற ஆரம்பிச்சு பல வருஷம் ஆகும், அதுக்குள்ள பிடிச்சா வராமலே தடுத்துடலாம். 2030க்குள்ள 70 சதவீத பெண்களுக்கு 35 வயசுக்குள்ள ஒரு தடவை, 45க்குள்ள இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் இலக்கு வச்சிருக்கு. இடையில பத்து வருஷம், யாருக்குங்க ஞாபகம் இருக்கும்?

ஸ்கிரீனிங் நடத்துறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெசேஜ்ல வெறும் லிங்க் மட்டும் போட்டா மோசடின்னு அழிச்சிடுவாங்க. அவங்கவங்க மொழியில எழுதுங்க, போன் வீட்ல பல கை மாறும், அதனால என்ன டெஸ்ட்னு வெளிப்படையா போடாதீங்க. பதில் வராதவங்களுக்கு ஒரு போன் பண்ணிடுங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி