பள்ளத்தை நிரப்பாமல் பதித்த லேமினேட் தரை: புகார்

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தரையைச் சமன் செய்யாமல் லேமினேட் பலகை பதித்தது குறித்து

ஐயா,

எங்கள் வீட்டுக் கூடத்தில் உங்கள் ஆட்கள் பதித்த லேமினேட் தரை ஜன்னல் பக்கம் கால் வைத்தாலே அமுங்குகிறது, காலை எடுத்தால் 'டொக்'கென்று மேலே வருகிறது. அங்கே பலகைகளின் குறுக்கு இணைப்புகளும் விட்டுவிட்டன. நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி.

போனில் கேட்டதற்கு, "மரம்தானே சார், ஈரத்துக்கு உப்பியிருக்கும், போகப் போக செட் ஆகிவிடும்" என்றார் உங்கள் மேற்பார்வையாளர். உப்பினால் பலகை மேலே அல்லவா எழும்ப வேண்டும்? இது கீழே போகிறது. பலகை உப்பினால் விரிவதற்காகச் சுவரோரம் விட வேண்டிய 10 மி.மீ. இடைவெளியும் சரியாகவே இருக்கிறது. எனவே ஈரத்தின் மேல் பழியைப் போட வேண்டாம்.

சந்தேகப்பட்டு, வேறொரு தச்சரை வைத்து சுவரடிப் பட்டையை (ஸ்கர்ட்டிங்) கழற்றி, ஓரத்து வரிசைகளைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஃபோம் ஷீட் இரண்டு மடிப்பு. அதற்கும் கீழே, பலகை வந்த பெட்டியின் அட்டையையே வெட்டிச் செருகியிருக்கிறார்கள், உங்கள் நிறுவனத்தின் பெயர் தெரியும்படி! 2 மீட்டர் அலுமினிய மட்டப்பலகையை சிமென்ட் தரைமேல் வைத்தால் நடுவில் 9 மி.மீ. பள்ளம். அதே பெட்டிக்குள் இருந்த உங்கள் கையேடோ, 2 மீட்டருக்கு 3 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது, ஃபோமை இரட்டிப்பாகப் போடக் கூடாது என்கிறது. மெத்தென்ற அடிப்பரப்பில் நடக்க நடக்க, பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் க்ளிக் லாக்கின் நாக்கு மேலும் கீழும் அசைந்து உடையும். தூக்கிய பலகைகளில் பலவற்றின் நாக்கு நொறுங்கி, பள்ளத்தில் பழுப்புத் தூளாகக் கிடந்தது.

கொட்டேஷனில் 'தரை சமன் செய்தல்' என்று தனி வரியே போட்டு, அதற்கான பணத்தையும் வாங்கியிருக்கிறீர்கள். அந்த வேலைக்கு அட்டைப்பெட்டி என்று பெயரா?

பலகைகளின் இடைவெளியில் மெழுகு பூசித் தருவதாக நீங்கள் சொன்னதை நான் ஏற்கவில்லை. கூடத்துப் பலகைகள் முழுவதையும் எடுக்க வேண்டும். வாசற்படியருகே உள்ள மேட்டைக் கிரைண்டரால் தேய்த்து, தூசி எடுத்து, பிரைமர் அடித்து, பள்ளத்தில் தானே பரவிச் சமமாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்ற வேண்டும். மூட்டையில் போட்டிருக்கும் நேரம் முழுதும் அது காய வேண்டும். 'மேலே காய்ந்துவிட்டது, போதும்' என்ற பேச்சு வேண்டாம். பிறகு என் முன்னிலையில் மட்டப்பலகை வைத்துக் காட்டிய பின்னரே புது பாலித்தீன் விரிப்பும் ஒற்றை ஃபோமும் போட்டுப் பலகை பதிக்கலாம். நாக்கு உடைந்தவற்றுக்குப் புதிய பலகை தர வேண்டும். இவை அனைத்தும் உங்கள் செலவில்.

வேலை தொடங்கும் தேதியை எழுத்து மூலம் தெரிவியுங்கள். மீதித் தொகையை மட்டம் சரிபார்த்த பிறகே தருவேன். அட்டைத் துண்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன், படங்கள் இணைப்பில்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்